தவமலர் வைத்தியரின் கஞ்சா வழக்கு

1997ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. கொழும்பிலிருந்து வந்த பஸ்ஸைச் சிலாபம் தாண்டியதும் இருந்த சோதனைச் சாவடியில் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். யுத்த காலத்தில் அது வழமைதான். பையைத் தூக்கிக்கொண்டு, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடக்கவேண்டும். சிங்களப் பெயர்க்காரர் அட்டையைக் காட்டியதும் திரும்ப ஏறிவிடுவார்கள். தமிழ்ப் பெயர்க்காரர் கொஞ்சம் வெயிலில் நின்றுதான் ஏறுவார்கள்.

தவமலரின் பையைத் திறந்த பொலிஸ் சார்ஜன்ட் உள்ளேயிருந்த தாள் சுற்றிய பொதியைத் தூக்கி மணந்து பார்த்தார். முகம் மாறியது.

"இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"கஞ்சா," என்றாள் தவமலர்.

குரலைத் தாழ்த்தவில்லை. பின்னால் நின்றவர்கள் இரண்டடி விலகினார்கள். பஸ் கொண்டக்டர் அவளை இதற்கு முன் பார்த்தே இராதவர்போல டயரைப் பார்க்கத் தொடங்கினார்.

அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. உடப்பில் வீட்டு முன்னறையிலேயே சித்த வைத்தியம் செய்துவந்தாள். யாழ்ப்பாணத்தில் முறைப்படி படித்தவள். அரசாங்கத்தின் வைத்தியர் பதிவேட்டில் பெயர் உள்ளவள். அப்படிப் பதிந்த வைத்தியர் மருந்து செய்வதற்குக் கஞ்சா கேட்டு விண்ணப்பித்தால் அரசாங்கமே ஓர் அளவு கொடுக்கும். சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை கொழும்பில் உள்ள அரசாங்க மருந்துக் களஞ்சியத்துக்குப் போய், கையெழுத்து வைத்து, கால் கிலோவை முத்திரையிட்ட பொதியில் வாங்கிவருவாள். கூடவே அனுமதிக் கடிதமும் தருவார்கள். ஊரில் பலருக்கு இது தெரியாது. அவளும் சொல்லிக்கொண்டு திரிந்ததில்லை.

கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். சார்ஜன்ட் வாசித்தார். அட்டையைப் பார்த்தார். திரும்பக் கடிதத்தைப் பார்த்தார். பிறகு அதை நாலாக மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "பஸ் போகட்டும்," என்றார்.

பஸ் போய்விட்டது.

பொலிஸ் நிலையத்தில் அவளை ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். பதிவுப் புத்தகத்தில் கஞ்சாவை எழுதினார்கள், அவள் பெயரை எழுதினார்கள், ஊரை எழுதினார்கள். கடிதத்தை எழுதவில்லை.

"என்ர கடிதம் எங்கே?"

"என்ன கடிதம்?" என்றார் சார்ஜன்ட்.

பொதியைச் சுற்றியிருந்த மேல் தாளும், அதிலிருந்த அரக்கு முத்திரையும்கூட மேசையில் இல்லை என்பதை அப்போதுதான் அவள் கண்டாள். உள்ளே இருந்த சீலைப் பை மட்டும் கிடந்தது.

சார்ஜன்ட் கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை. தேத்தண்ணிகூடக் கொடுத்தார். "வெத நோனா," என்றார். வைத்தியப் பெண்ணைச் சிங்களத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். "இந்தக் கரையில எத்தனை வள்ளம் இந்தியாவிலயிருந்து இதை இறக்குது எண்டு எங்களுக்குத் தெரியும். உங்களை நான் பெரிய வழக்கில மாட்டப் போறதில்ல. நாளைக்குக் கோர்ட்டில குற்றவாளி எண்டு சொல்லுங்க. சின்னத் தண்டத்தோட வீட்டுக்குப் போகலாம். இல்லையெண்டா, நீங்க தமிழ். யாருக்குக் கொண்டுபோனீங்க எண்டு வேற ஆக்கள் வந்து கேப்பாங்க."

தவமலர் தேத்தண்ணியைத் தொடவில்லை.

சுவரில் அவருடைய தோள்பை தொங்கியது. தடித்த பச்சைக் கன்வஸ் பை. அவள் அதைக் காட்டினாள். "அந்தப் பைக்கு என்ன பேர்?"

"கன்வஸ்."

"அந்தப் பேர் எங்கயிருந்து வந்தது தெரியுமா? இந்தச் செடியின்ர பேரிலயிருந்து. முந்தி அந்தத் துணியை இதின்ர நாரிலதான் நெய்தவங்க. கற்பிட்டியில கோட்டை கட்டின ஒல்லாந்தர் வந்த கப்பலுக்குப் பாயும் இதின்ர நார்தான், கயிறும் இதின்ர நார்தான். இது இல்லாட்டி அவன் இந்தக் கரையைக் கண்டிருக்கவே மாட்டான். நீங்க இதின்ர பேரைத் தோளில மாட்டிக்கொண்டு, மருந்து வச்சிருந்ததுக்கு என்னைப் பிடிக்கிறீங்க."

சார்ஜன்ட் சிரித்தார். சிரிப்பு நீளவில்லை.

"குற்றவாளி எண்டு சொல்லமாட்டன்," என்றாள் தவமலர். "எழுதிக்கொள்ளுங்க."

மறுநாள் நீதவான் முன்னால் நிறுத்தினார்கள். அவள் நிரபராதி என்றாள். கடிதம் இல்லை. பொலிஸ் மேலும் விசாரிக்கவேண்டும் என்றது. பதினான்கு நாள் விளக்கமறியல் என்று சிறைக்கு அனுப்பினார்கள்.

பெண்கள் பகுதியில் அவளோடு பதினொரு பேர். அவர்களில் ஐந்து பேர் வடக்கிலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருந்தபோது பிடிபட்ட தமிழ்ப் பெண்கள். மற்றவர்கள் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் விற்றவர்கள், களவு செய்தவர்கள். முதல் நாளே அவளுக்குப் பட்டம் வைத்துவிட்டார்கள்: கஞ்சா நோனா.

முதல் இரண்டு நாளும் அவள் யாரோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள், கசிப்பு விற்ற மக்தலேனா என்ற பெண், "ஒரு சுருட்டுக்கு வழியில்லையா நோனா?" என்று கேட்டுவிட்டுக் கெக்கட்டமிட்டுச் சிரித்தாள்.

தவமலர் எழுந்து உட்கார்ந்தாள். "நான் வச்சிருந்ததை நீ புகைச்சா இருமல்தான் வரும். மூண்டு நாலு வருஷம் கோர்ட் அறையில கிடந்த சருகு அது."

"கோர்ட் அறையிலயா?"

"பின்ன? பொலிஸ் பிடிக்கிற கஞ்சா எல்லாம் எங்க போகுதெண்டு நினைச்சாய்? வழக்கு முடிஞ்ச பிறகு கொஞ்சம் மருந்துக் களஞ்சியத்துக்குக் குடுப்பாங்க. அதைத்தான் எங்களுக்குப் பங்கிடுறது. பொலிஸ் பிடிச்சதைத்தான் அரசாங்கம் எனக்குத் தந்தது. அதைக் கொண்டுவந்ததுக்குப் பொலிஸ் என்னைப் பிடிச்சிருக்கு."

மக்தலேனா அதைச் சிங்களத்தில் மற்றவர்களுக்குச் சொன்னாள். அந்தச் சிறைக்கூடத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாக எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அவளை விடவில்லை. பின்னேரத்தில் எண்ணி முடித்துக் கதவைப் பூட்டியதும் சுற்றிவர இருந்து கேட்பார்கள். அவள் மாணவியாக இருந்தபோது இந்த ஒரு செடியைப் பற்றி ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்தவள். எல்லாம் மனப்பாடம். சீனாவில் ஆதியில் செய்த கடதாசியில் இதன் நார் இருந்தது என்றாள். இதன் விதையில் வெறி இல்லை, கூண்டுப் பறவைக்குத் தீனியாகப் போடுவார்கள், மனிதரும் வறுத்துத் தின்பார்கள் என்றாள். நாருக்கு வளர்க்கும் இனம் வேறு, அதில் மயக்கம் மிகக் குறைவு என்றாள். சித்தர் நூல்களில் சித்தமூலி என்றும் கோரக்கர் மூலி என்றும் பேர் என்றாள். கல்கத்தாவில் இருந்த ஐரிஷ் டொக்டர் ஒருவர் நூற்றைம்பது வருடங்களுக்கு முன் உடம்பை வில்லாக வளைக்கும் ஏற்புவலி நோயாளருக்கு இதைக் கொடுத்துப் பார்த்து எழுதினார். அதற்குப் பிறகு லண்டன் மருந்துக் கடைகளிலேயே இது போத்தலில் விற்றது என்றாள்.

"அப்ப நல்ல சாமான்தானே?" என்றாள் மக்தலேனா. "ஏன் பிடிக்கிறாங்க?"

"நல்லது எண்டு நான் சொல்லல்ல. மருந்து எண்டு சொல்றன். இளம் பொடியங்கள் புகைச்சு மூளை குழம்பினதையும் பார்த்திருக்கிறன். கத்தியை வச்சு மீனும் வெட்டலாம், ஆளையும் வெட்டலாம். அதுக்காக மீன்காரியைப் பிடிச்சு அடைக்கிறதா?"

மேற்பார்வை செய்த ஜெயிலர் பெண்ணும் கம்பிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தன் காதில் விழாததுபோல முகத்தை வைத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் கணவன் விநாயகமூர்த்தி வந்தார். உடப்புப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவர். கூடவே புத்தளத்துச் சட்டத்தரணி பதியுதீன். ஐம்பது வயது மனிதர், மெதுவாகப் பேசுபவர்.

விநாயகமூர்த்தி இளைத்திருந்தார். "மலர், இதை முடிப்பம்," என்றார். "குற்றவாளி எண்டு ஒரு சொல்லு. ஒரே சொல்லு. ரெண்டு தரம் ஆக்கள் வீட்டுக்கு வந்து அலுமாரி எல்லாம் கிண்டிட்டுப் போயிட்டாங்க. நான் தமிழ் வாத்தி. என்னையும் தூக்கினா பிள்ளையளை ஆர் பார்க்கிறது?"

அவள் பதியுதீனைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீங்க ஐயா?"

பதியுதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தங்கச்சி, உள்ளதைச் சொல்றேன். குற்றத்தை ஒத்துக்கிட்டா இன்னைக்கே வீடு. ஆனா தீர்ப்புல பேர் ஏறினா பதிவேட்டுல இருந்து பேர் போகும். பொறகு நீங்க வைத்தியம் செய்ய ஏலாது. வழக்குப் பேசினா மாசக்கணக்கா இழுக்கும். களஞ்சியத்துல இருந்து கடிதத்துக்குப் பிரதி எடுக்கணும். தருவாங்களா எண்டும் தெரியா. அல்லாஹ்தான் காவல்."

"யூஜீனியா எப்படி இருக்கிறா?" என்று தவமலர் கணவனிடம் கேட்டாள்.

அவர் பதியுதீன் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

யூஜீனியா ஆலங்குடாவில் கருவாடு போடுகிற பெண். கத்தோலிக்க வேதக்காரர். கருப்பையில் புற்று. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கதிர்ச் சிகிச்சையாகக் கரண்ட் பிடித்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் வலிக்குளிசை பாதி மாதத்திலேயே முடிந்துவிடும். கையில் இருக்கும் நாளிலும் வாந்தியில் போய்விடும். தவமலர் கஞ்சாவைப் பாலில் சுத்தி செய்து, நெய்யும் மற்ற மருந்துகளும் சேர்த்துக் கிண்டிய லேகியத்தைச் சுண்டைக்காய் அளவில் கொடுத்துவந்தாள். "இது உங்கட நோயை மாத்தாது," என்று முதல் நாளே சொல்லித்தான் கொடுத்தாள். நோய் மாறவில்லை. ஆனால் யூஜீனியா சோறு தின்றார். படுத்தால் விடியும்வரை தூங்கினார். அந்தச் சித்திரையில் வீட்டிலிருந்த கடைசி உருண்டையும் தீர்ந்துபோனதால்தான் தவமலர் அவசரமாகக் கொழும்புக்குப் போனாள்.

"நான் குற்றவாளி எண்டு சொன்னா," என்றாள் தவமலர், "நான் அந்த மனுசிக்குத் தந்தது மருந்தில்ல, போதை எண்டு ஆகும். சொல்லமாட்டன். நீங்க பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு தங்கச்சி வீட்டை போய் இருங்க. என்னோட கோபமெண்டா கோபமா இருங்க. ஆனா அந்தச் சொல்லை என்னட்டக் கேக்காதீங்க."

விநாயகமூர்த்தி கோபமாகத்தான் போனார். ஆனால் தங்கை வீட்டுக்குப் போகவில்லை. மறுநாளே லீவு போட்டுவிட்டுக் கொழும்புக்கு பஸ் ஏறினார். களஞ்சியத்தில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள். தமிழர் ஒருவர் கஞ்சாக் கடிதத்துக்குப் பிரதி கேட்டு நின்றால் சந்தேகமாகத்தானே பார்ப்பார்கள். ஐந்து முறை போய்வந்தார். ஒருமுறை வெள்ளவத்தையில் பொலிஸார் பிடித்து ஒரு பகல் முழுக்க வைத்திருந்துவிட்டு விட்டார்கள். ஆறாம் முறை ஒரு வயதான கிளாக்கர் பெண் பதிவேட்டைத் திறந்து, அவர் கண்முன்னாலேயே பிரதி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

அதற்குள் தவமலருக்குப் பிணை கிடைத்திருந்தது. வெளியே வந்த அன்றே ஆலங்குடாவுக்குப் போனாள். யூஜீனியா பாயில் சுருண்டு கிடந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தவமலர் கையில் மருந்து இல்லை. எண்ணெய் பூசி இடுப்பைப் பிடித்துவிட்டாள். வேறு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

"என்னாலதான் பிந்திப்போச்சு அக்கா. அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தா—"

யூஜீனியா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலம் இருந்தது. "எப்ப வழக்கு?"

"அடுத்த மாதம் பதினெட்டு."

"நான் வாறன்."

"இந்த உடம்போடயா?"

"இந்த உடம்புதானே சாட்சி."

பதினெட்டாம் தேதி மீன் ஏற்றுகிற வான் வண்டியில் மெத்தை போட்டு, கணவனும் கொழுந்தனும் யூஜீனியாவைக் கொண்டுவந்தார்கள். நீதிமன்றம் நிறைந்திருந்தது. கஞ்சாக்கார வைத்தியச்சியைப் பார்ப்பதற்கென்றே சிலர் வந்திருந்தார்கள்.

சார்ஜன்ட் முதலில் சாட்சி சொன்னார். சந்தேகத்தில் சோதித்தோம், கஞ்சா இருந்தது, எந்தக் கடிதமும் காட்டவில்லை. இது கடல்வழி வந்த சரக்கு என்பது தன் அனுபவத்தில் தெரிகிறது என்றார்.

பதியுதீன் களஞ்சியத்தின் கடிதப் பிரதியை நீட்டினார். பொலிஸ் தரப்பு எழுந்தது: கடிதம் சரியாக இருக்கலாம், ஆனால் பிடிபட்ட கஞ்சா அந்தக் கஞ்சாதான் என்பதற்கு என்ன சான்று? களஞ்சியத்துப் பொதியை வீட்டில் வைத்துவிட்டு வேறொன்றைக் கடத்தியிருக்கலாமே?

நீதவான் யோசித்தார். அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

தவமலர் கூண்டுக்குள் நின்றபடி கையை உயர்த்தினாள். "ஐயா, அந்தச் சீலைப் பையைக் கொட்டிவிட்டு உள்பக்கத்தை வெளியில புரட்டிப் பார்க்கச் சொல்லுங்க. ஒவ்வொரு வருஷமும் வீட்டில பிரிக்கேக்க நான் பார்க்கிற எழுத்து ஒண்டு அதில இருக்கும்."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னார். சார்ஜன்ட் நிமிர்ந்தார்.

பையைக் கொட்டிப் புரட்டினார்கள். தையலோரத்தில் மங்கிய ஊதா மையில் எழுத்து இருந்தது. நீதவான் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, தானே சத்தமாக வாசித்தார். ஒரு வழக்கு இலக்கம். 1993ஆம் வருடம். தென்பகுதி நீதிமன்றம் ஒன்றின் பெயர். தடயப் பொருள் என்ற சொல்.

"பொலிஸே பிடிச்சு, கோர்ட்டே இலக்கம் போட்டு, அரசாங்கமே எனக்குத் தந்தது ஐயா," என்றாள் தவமலர். "கடல்வழி வந்த சரக்கெண்டு சார்ஜன்ட் சொல்றார். அந்தக் கடல் ஒரு கோர்ட் அறைதான்."

பின் வரிசை வாங்கிலிருந்து சிரிப்பு கிளம்பியது. நீதவான் மேசையைத் தட்டினார். ஆனால் அவருடைய மீசையும் அசைந்தது.

அத்தோடு முடித்திருக்கலாம். பதியுதீன் போதும் என்று கண் காட்டினார். ஆனால் பொலிஸ் தரப்பு விடவில்லை. சட்டம் எதைச் சொன்னாலும், படித்த பெண் ஒருத்தி நோயாளருக்குப் போதை கொடுத்துப் பழக்குவதைச் சமூகம் ஏற்குமா என்று கேட்டது.

"நூறு வருஷத்துக்கு முந்தி வெள்ளைக்காரனும் இதையேதான் கேட்டவன்," என்றாள் தவமலர். "இந்தியாவில ஒரு விசாரணைக் குழு போட்டான். ஆயிரத்துக்கு மேல ஆக்களைக் கேட்டு, புத்தகம் புத்தகமா எழுதினான். அளவோட பாவிச்சாப் பெரிய கேடில்ல, முற்றாத் தடுக்கத் தேவையில்ல எண்டு அவனே முடிச்சான். அது அவன்ர கணக்கு. என்ர கணக்கு வெளியில ஒரு வானில படுத்திருக்கிறா. அவவைக் கேளுங்க."

யூஜீனியாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். நீதவான் அவரைக் கண்டதும், "இவ்வளவு கஷ்டப்பட வேண்டியதில்லையே அம்மா," என்றார். யூஜீனியாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. பாதிச் சொந்தம் நீர்கொழும்பில். ஆனால் அவர் தமிழில்தான் பேசினார். மொழிபெயர்க்கட்டும் என்று ஒவ்வொரு வசனத்துக்கும் நிறுத்தினார்.

"நான் சாகப்போறவ. அது எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளை என்னை மாத்துவன் எண்டு ஒருநாளும் சொல்லல்ல."

நிறுத்தினார்.

"மருந்து தந்த மூண்டு மாதமும் நான் சோறு திண்டன். பாரைமீன் ஆணம் கேட்டுத் திண்டன். பூசைக்கு நடந்து போனன்."

நிறுத்தினார்.

"இவவைப் பிடிச்ச நாளிலயிருந்து நான் கத்தினது எங்கட தெருவுக்கே தெரியும். போதை எண்டு சொல்ற ஐயாமார் ஒரு ராவைக்கு என்ர வலியை வாங்கிப் பாருங்க. பிறகு கதைப்பம்."

யாரும் அவரைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

தவமலர் விடுதலையானாள். கடிதம் காணாமற்போனது பற்றி விசாரிக்கும்படி நீதவான் எழுதினார். அது என்ன ஆனது என்று பிறகு யாருக்கும் தெரியவில்லை. சார்ஜன்ட்டுக்கு இடமாற்றம் கிடைத்தது, அவ்வளவுதான். கஞ்சாவை அழித்துவிடலாமா என்று பதிவாளர் கேட்டார். எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"அழிக்க ஏலாது," என்றாள் தவமலர். "அது என்ர மருந்து. நிறுத்துத் தரவேணும்."

நிறுத்தார்கள். கால் கிலோவுக்கு இருபத்தைந்து கிராம் குறைந்தது. பகுப்பாய்வுக்கு எடுத்தது போகவும் குறைந்தது. எங்கே என்று அவள் கேட்டாள். குறைந்த அளவைப் பற்றுச்சீட்டில் எழுதவைத்த பிறகுதான் கையெழுத்திட்டாள்.

அன்று பின்னேரமே அடுப்பு மூட்டினாள். விநாயகமூர்த்தி பால் வாங்கிவந்து பக்கத்தில் குந்தியிருந்து கிளறினார். "நான் அண்டைக்குப் பயந்திட்டன்," என்றார் பானையைப் பார்த்தபடி.

"நானும்தான் பயந்தனான்," என்றாள் அவள். "கிளறுங்க, அடிப்பிடிக்கும்."

யூஜீனியா அதற்குப் பிறகு ஒன்றரை மாதத்துக்கு மேலாக, ஏழு கிழமை இருந்தார். கடைசி நாட்களில் மெலிந்துபோனாலும் கத்தவில்லை. ஒரு ஞாயிறு காலை, பூசைக்கு மணி அடித்த வேளையில், தூக்கத்திலேயே போய்விட்டார். பெட்டியை மூடும் முன் அவருடைய கணவன் தவமலரை முன்னால் கூப்பிட்டு, குடும்பத்து ஆளைப்போல யூஜீனியாவின் நெற்றியில் முத்தம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தாள். பிறகு கடற்கரையில் தனியே நின்று வெகுநேரம் அழுதாள். தான் பிடிபட்ட நாளிலிருந்து வழக்கு முடியும்வரை அந்த மனுசி வலியில் கிடந்ததை எந்தத் தீர்ப்பாலும் திருப்பித் தர முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கணக்கு அவளோடுதான் இருந்தது.

உடப்புக்குத் திரும்பியதும் ஒரு பெயின்டரைப் பிடித்துப் புதுப் பலகை எழுதுவித்தாள். பெயர், பதிவு இலக்கம், பார்க்கும் நேரம். அவற்றுக்குக் கீழே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு வரி: 'கஞ்சா சேர்ந்த மருந்துகள் அரச அனுமதியுடன் இங்கே செய்யப்படும்.' பெயின்டர் இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் தூரிகையைத் தொட்டார்.

மூன்றாம் நாள் பொலிஸிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். பலகையின் முன்னால் ஜீப்பை நிறுத்தி, மூன்று மொழியையும் வாசித்தார். கழற்றச் சொன்னார்.

தவமலர் கதிரையை இழுத்துப் போட்டாள். மேசையில் கடதாசியும் பேனையும் வைத்தாள்.

"எந்தச் சட்டத்தின்ர எத்தனையாம் பிரிவில கழற்றச் சொல்றீங்க எண்டு எழுதித் தாங்க. பேரும் இலக்கமும் போட்டுக் கையெழுத்து வைங்க. உடனே கழற்றிறன்."

இன்ஸ்பெக்டர் கதிரையில் இருந்தார். பேனையை எடுத்தார். கொஞ்சநேரம் கடதாசியைப் பார்த்தார். பிறகு பேனையைத் திரும்ப வைத்துவிட்டு எழுந்து ஜீப்புக்குப் போனார்.

தவமலர் வெளியே காத்திருந்தவர்களைப் பார்த்து, "அடுத்த ஆள் வாங்க," என்றாள்.